இந்தியாவின் முதல் பெண் முதலமைச்சர்: சுசேதா கிருபளானி



சென்ற குடியரசு தினத்தன்று நம் கிளப் ஹவுஸில் நடந்த வினாடி வினா உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இந்தியாவின் முதல் பெண் முதலமைச்சர் யார் என்ற கேள்விக்கு ஒரு குழு ஜானகி அம்மையார் என்றது, இன்னொரு குழு நந்தினி சத்பதி என்றது. இரண்டும் தவறு. சுசேதா கிருபளானி என்று நடத்துநர் சொன்னபோது, யார் அவர் என்று பாதிப் பேர் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்கள். அன்றைக்கே இந்த இதழுக்கு அவரைப் பற்றி எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன்.

அவர் பதவியேற்ற நாளை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 1963 அக்டோபர் 2. சென்னையில் காமராஜர் முதலமைச்சர் பதவியை விட்டு இறங்கிய அதே நாள். மூத்த தலைவர்கள் பதவியைத் துறந்து கட்சி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்ற அவருடைய திட்டத்தின்படி 6 மத்திய அமைச்சர்களும் 6 முதலமைச்சர்களும் விலகினார்கள். அந்த ஆறு முதலமைச்சர்களில் ஒருவர் உத்தரப் பிரதேசத்தின் சி.பி. குப்தா. அவர் காலி செய்த நாற்காலியில்தான் சுசேதா அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது 55. 1961 கணக்கெடுப்பின்படியே 7 கோடிக்கு மேல் மக்கள் இருந்த மாநிலம் அது.

யார் இந்த அம்மா? வங்காளக் குடும்பம், ஆனால் பிறந்தது பஞ்சாபின் அம்பாலாவில், 1908இல். அப்பா அரசு மருத்துவர். அடிக்கடி மாற்றல் வரும், அதனால் பள்ளிக்கூடமும் மாறிக்கொண்டே இருந்தது. மாற்றலாகும் வேலையில் இருந்து பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களுக்கு அந்தப் பாடு தெரியும். டெல்லியில் படித்தபோது, வேல்ஸ் இளவரசரை வரவேற்கப் பள்ளி மாணவிகளைக் குத்சியா தோட்டத்தருகே வரிசையில் நிறுத்தினார்கள். ஜாலியன்வாலா பாக் நடந்து அதிகக் காலம் ஆகவில்லை. போக மாட்டேன் என்று சொல்ல ஆசை, ஆனால் வாய் வரவில்லை. அன்று பயந்து நின்றதற்காகத் தன்மேல் ஏற்பட்ட கோபத்தை அவர் பெரியவரான பிறகும் மறக்கவில்லை.

படித்து முடித்துக் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் அரசமைப்பு வரலாறு கற்பித்தார். 1936இல் ஆச்சார்ய ஜே.பி. கிருபளானியை மணந்தார். மாப்பிள்ளை இருபது வயது மூத்தவர், சிந்திக்காரர், காந்தியின் நெருங்கிய தொண்டர். இந்தத் திருமணத்தில் காந்திக்கு முதலில் சம்மதம் இல்லை. நல்ல தொண்டர் ஒருவர் குடும்பத்துக்குள் போய்விடுவார் என்று கவலைப்பட்டார். ஒருவர் போக மாட்டார், உங்களுக்கு இருவர் கிடைப்பார்கள் என்று வாதாடி, சுசேதா தன் வழிக்கே அவரைக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

1942இல் பெரிய தலைவர்கள் எல்லாம் சிறைக்குப் போனபோது, சுசேதா தலைமறைவாக இருந்து இயக்கத்தை நடத்தியவர்களில் ஒருவர். 1944இல் பிடிபட்டார். 1946 அக்டோபரில் வங்காளத்தின் நவகாளியில் கலவரம் வெடித்தது. கிருபளானியும் சுசேதாவும் காந்திக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்தார்கள். கணவர் திரும்பிவிட்டார், இவர் அங்கேயே தங்கினார். எரிந்த கிராமங்கள், கடத்தப்பட்ட பெண்கள், திரும்பி வர அஞ்சிய குடும்பங்கள். அவர்களுக்கிடையில் மாதக்கணக்கில் வேலை செய்தார். தன் கையில் சயனைடு வைத்திருந்ததாகச் சொல்லப்படுகிறது. அப்படிப்பட்ட இடம் அது. பின்னாளில் லக்னோவில் அவரை மிரட்டிப் பார்த்த அரசியல்வாதிகள் இந்தப் பகுதியைப் படித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அரசமைப்பு நிர்ணய சபையில் இருந்த 15 பெண்களில் அவரும் ஒருவர். 1947 ஆகஸ்ட் 14 இரவு சுதந்திரத்துக்காகக் கூடிய அந்தச் சபையின் நிகழ்ச்சி, அவர் வந்தே மாதரத்தின் முதல் பகுதியைப் பாடியதோடுதான் தொடங்கியது. நேருவின் பேச்சு அதற்குப் பிறகு. பேச்சு எல்லோருக்கும் தெரியும், பாடியவர் பெயர் தெரியாது.

இனி அந்த வீட்டுக்குள் நடந்த அரசியலுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

1951இல் கிருபளானி காங்கிரஸை விட்டு வெளியேறி, கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியைத் தொடங்கினார். 1952இல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் சுசேதா அந்தக் கட்சியின் வேட்பாளராகப் புதுடெல்லியில் நின்று காங்கிரஸ் வேட்பாளரைத் தோற்கடித்தார். பிறகு அவர் மட்டும் காங்கிரஸுக்குத் திரும்பிவிட்டார். கணவர் திரும்பவில்லை. 1957இல் அதே புதுடெல்லியில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று மறுபடி வென்றார். 1960இல் உத்தரப் பிரதேச அமைச்சரவைக்குப் போனார், தொழிலாளர் துறை உள்ளிட்ட பொறுப்புகள்.

1963 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நேரு அரசின்மீது முதன்முறையாக நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவர் ஆச்சார்ய கிருபளானி. சீனப் போரில் தோற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான்கு நாள் விவாதம், 62க்கு எதிராக 347 வாக்குகளில் தீர்மானம் தோற்றது. அந்த நாட்களில் அவருடைய மனைவி நேருவின் கட்சியில் மாநில அமைச்சர். அடுத்த ஆறு வாரங்களில் அதே கட்சியின் முதலமைச்சர். நம் மாடிகளில் தேர்தல் நேரத்தில் கணவன் மனைவிக்குள் டிவி ரிமோட்டுக்கே சண்டை வருகிறது. இவர்கள் கடைசிவரை ஒன்றாக வாழ்ந்தார்கள். வெளியே போய் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுத்ததும் இல்லை.

முதலமைச்சர் பதவி அவருக்கு எப்படிக் கிடைத்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உத்தரப் பிரதேசக் காங்கிரஸில் குப்தா கோஷ்டி ஒன்று, கமலாபதி திரிபாதி கோஷ்டி ஒன்று. குப்தா பதவி விலகினாலும் பிடியை விடவில்லை. எதிர்க் கோஷ்டிக்குப் போகாமல் இருக்க, தன் தரப்பில் சுசேதாவை நிறுத்தினார். வங்காளப் பெண், சிந்திக் கணவர், மாநிலத்தில் சாதி பலம் கிடையாது, சொந்தக் கோஷ்டியும் கிடையாது. இப்படிப்பட்டவர் சொன்னபடி கேட்பார் என்று கணக்குப் போட்டிருப்பார்கள். நம் சங்கத்திலும் இரு தரப்புக்கும் ஒத்துவரவில்லை என்றால் ஒரு சாதுவான ஆளைத் தேடுவோம், இல்லையா?

அமைதியான காலமும் இல்லை. 1964 மார்ச்சில் சட்டமன்றத்தை அவமதித்ததாக ஒருவரைச் சபை சிறைக்கு அனுப்ப, அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதிகள் இருவர் அவரை ஜாமீனில் விட்டார்கள். உடனே சபை அந்த நீதிபதிகளையே பிடித்துக் கொண்டுவர உத்தரவிட்டது! அதை நிறுத்த உயர்நீதிமன்றத்தின் 28 நீதிபதிகள் ஒன்றாக உட்கார்ந்தார்கள். குடியரசுத் தலைவர் உச்சநீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டியதாயிற்று. செப்டம்பரில் வந்த கருத்து நீதிபதிகளுக்குச் சாதகம். இன்றும் சட்ட மாணவர்கள் படிக்கும் வழக்கு இது.

அதைவிடப் பெரிய சோதனை மாநில அரசு ஊழியர்களின் வேலைநிறுத்தம். சம்பள உயர்வு கேட்டு 62 நாள் நடந்தது. அலுவலகங்கள் முடங்கின. இரண்டு மாதம் சுசேதா இறங்கி வரவில்லை. கடைசியில் ஊழியர் தலைவர்கள் சமரசத்துக்கு ஒப்புக்கொண்ட பிறகுதான் முடிந்தது. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் இதை உறுதிக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள்.

எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. 1965இல் பாகிஸ்தான் போர், அடுத்த ஆண்டில் ரூபாய் மதிப்புக் குறைப்பு, கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் வறட்சி. அந்த வருடங்களில் அரிசி கோதுமை விலை ஏறிய வேகத்தில் ஒரு குமாஸ்தாவின் சம்பளம் எத்தனை நாள் வந்திருக்கும்? அதே ஊரில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர் அவர். கஜானாவில் பணம் இல்லை என்பதும் உண்மையாக இருக்கலாம். நம் பி பிளாக்கில் அரசுப் பணியில் ஓய்வுபெற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று மாலை நடையில் பார்க்கும்போது சொல்லுங்கள். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: சாதுவான ஆள் என்று கணக்குப் போட்டவர்கள் அந்த 62 நாளில் கணக்கைத் திருத்தியிருப்பார்கள்.

1967 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்தது. அந்தத் தேர்தலில் உத்தரப் பிரதேசத்தில் காங்கிரஸுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. குப்தா திரும்பி வந்து முதலமைச்சரானார். மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை, சரண் சிங் ஆட்களோடு வெளியேறியதில் ஆட்சி கவிழ்ந்தது. சுசேதாவோ கோண்டா தொகுதியில் வென்று மக்களவைக்குத் திரும்பிவிட்டார். 1969இல் காங்கிரஸ் உடைந்தபோது இந்திரா காந்தியோடு போகவில்லை, பழைய காங்கிரஸில் நின்றார். நம் காமராஜரும் அந்தப் பக்கம்தான். 1971இல் அரசியலிலிருந்து ஒதுங்கினார்.

குழந்தைகள் இல்லை. டெல்லியில் இருவரும் சேர்ந்து தொடங்கிய லோக் கல்யாண் சமிதி என்ற சேவை அமைப்பில்தான் கடைசி வருடங்கள் கழிந்தன. தன் வாழ்க்கையை எழுத ஆரம்பித்தார், முடிக்கவில்லை. 1974 டிசம்பர் 1 அன்று காலமானார். ஏழு மாதத்துக்குள் நெருக்கடி நிலை வந்தது. 87 வயதை நெருங்கிய கிருபளானியைக் கைது செய்ய வந்தபோது அவர் வீட்டில் தனியாகத்தான் இருந்திருப்பார்.

உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த பெண் முதலமைச்சர் கிடைக்க 1995 ஜூன் வரை ஆயிற்று. அது மாயாவதி. அடுத்த வினாடி வினாவில் இந்தக் கேள்வியும் வரும் என்று நடத்துநர் சொல்லியிருக்கிறார், நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.