கால்களை இழந்த பின்னர் கார்ட்ஸ் படையணியில் சேர்ந்த விமானி

சோவியத் ஒன்றியத்தின் பதிப்பகங்கள் ஒரு காலத்தில் தமிழில் வெளியிட்டு மலிவு விலையில் அனுப்பிய நூல்களை வாசித்து வளர்ந்த தலைமுறை ஒன்று நம்மிடையே இருக்கின்றது. அத்தலைமுறையினருக்கு ‘உண்மை மனிதனின் கதை’ என்ற நாவலை அறிமுகப்படுத்த வேண்டிய தேவை இல்லை. இரு கால்களையும் இழந்த விமானியொருவர் மீண்டும் போர்விமானம் ஏறிய கதை அது. நாவலாசிரியர் பொரிஸ் பொலெவோய் தமது நாயகனின் பெயரில் ஓர் எழுத்தை மாத்திரமே மாற்றினார். நாவலில் மெரேசியெவ் என வரும் அந்த மனிதரின் உண்மைப் பெயர் அலெக்சேய் மரேசியெவ். நாவலை அறிந்தோர் பலர். அந்த மனிதரின் வாழ்க்கையை அறிந்தோர் சிலரே. நாவல் சொல்லாமல் விட்ட பகுதிகளையும் சேர்த்து அவ்வாழ்க்கையை நோக்கும்போது, நமது சமூகம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியொன்று அதனுள் இருப்பதை உணர முடிகின்றது.

வொல்கா நதிக்கரையிலுள்ள கமிஷின் என்னும் சிறு நகரத்தில் 1916 ஆம் ஆண்டு மே 20 ஆம் திகதி மரேசியெவ் பிறந்தார். முதலாம் உலகப் போரில் பங்குபற்றிய தந்தை, மகனுக்கு மூன்று வயதாக இருந்தபோது காலமானார். மரவேலைத் தொழிற்சாலையொன்றில் துப்புரவுப் பணி செய்த தாய், மூன்று ஆண் பிள்ளைகளைத் தனித்து நின்று வளர்த்தார். மூவரிலும் இளையவரான அலெக்சேய் நோய்வாய்ப்பட்ட பிள்ளை. மலேரியாக் காய்ச்சல் அவரை அடிக்கடி வாட்டியது. விமானம் ஓட்டத் தகுதியற்ற உடல் என்ற தீர்ப்பை அவர் முதன்முதலில் எதிர்கொண்டது கால்களை இழந்த பின்னர் அன்று. இளமைப் பருவத்திலேயே அத்தீர்ப்பு அவரைத் தொடர்ந்து வந்தது என்பது குறிப்பிடத்தக்கதாகும்.

அதே தொழிற்சாலையில் கடைசல் தொழிலாளியாக வேலை பழகிய அவர், 1934 ஆம் ஆண்டு தூரகிழக்குக்கு அனுப்பப்பட்டார். அமூர் நதிக்கரையில் காட்டை வெட்டி இளைஞர்கள் எழுப்பிக் கொண்டிருந்த கொம்சொமொல்ஸ்க் நகரில் பகலில் வேலையும், ஓய்வு நேரத்தில் விமானக் கழகத்தில் பயிற்சியுமாக அவரது நாட்கள் கழிந்தன. 1937 இல் இராணுவ சேவைக்கு அழைக்கப்பட்டு, 1940 இல் பத்தாய்ஸ்க் விமானப்படைப் பயிற்சிப் பாடசாலையில் தேறி, அங்கேயே பயிற்றுநராகவும் கடமையாற்றினார். 1941 ஜூனில் ஹிட்லரின் படைகள் சோவியத் எல்லையைக் கடந்தன. அதே ஆண்டு ஓகஸ்ட் 23 ஆம் திகதி உக்ரேனின் கிரிவோய் ரோக் பகுதியில் மரேசியெவ் தமது முதலாவது போர்ப் பறப்பை மேற்கொண்டார். அடுத்த சில மாதங்களில் எதிரியின் நான்கு விமானங்களை வீழ்த்தியவர் என்ற கணக்குடன் அவர் வடமேற்குப் போர்முனைக்கு மாற்றப்பட்டார்.

அக்காலத்தில் டெமியான்ஸ்க் பகுதியில் ஏறத்தாழ ஒரு இலட்சம் ஜேர்மன் படையினரை சோவியத் படைகள் சுற்றி வளைத்திருந்தன. 1942 ஏப்ரல் மாதத் தொடக்கத்தில், குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாகச் சென்ற மரேசியெவின் யாக்-1 விமானம் அப்பகுதியில் சுடப்பட்டு, பனி மூடிய காட்டினுள் வீழ்ந்தது. கால்கள் நைந்த நிலையில் உயிர் தப்பிய அவர், தமது தரப்பினர் இருந்த திசையை நோக்கி நகர ஆரம்பித்தார். முதலில் நடந்தார், நடக்க இயலாதபோது தவழ்ந்தார், தவழவும் இயலாதபோது உருண்டார். மரப்பட்டையையும் காட்டுப் பழங்களையும் உண்டு 18 நாட்கள் கழிந்தன. இறுதியில் வல்தாய் பிரதேசத்துக் கிராமமொன்றைச் சேர்ந்த சிறுவர்கள் அவரைக் கண்டனர். போரினால் தாமே உணவின்றி வாடிய அக்கிராமத்தவர்கள் ஒரு வாரத்துக்கு மேலாக அவரைப் பராமரித்தனர். பின்னர் அவரது படைப்பிரிவுத் தளபதி தெக்தியாரென்கோ சிறு விமானமொன்றில் வந்து இறங்கி அவரைக் கொண்டு சென்றார்.

மொஸ்கோ வைத்தியசாலையை அடைந்தபோது பாதங்களில் அழுகல் பரவியிருந்தது. உயிரைக் காப்பதற்கு வேறு வழி இருக்கவில்லை. சத்திரசிகிச்சை நிபுணர் பேராசிரியர் தெரெபின்ஸ்கி இரு கால்களையும் முழங்காலுக்குக் கீழே துண்டித்தார். அப்போது மரேசியெவுக்கு வயது இருபத்தாறை எட்டும் பருவம்.

இந்த இடத்திலிருந்தே நாம் கவனிக்க வேண்டிய வாழ்க்கை ஆரம்பமாகின்றது. காட்டில் தவழ்ந்த 18 நாட்களை உலகம் வியந்து பேசுகின்றது. ஆயினும் உயிர் வாழ வேண்டும் என்ற உந்துதல் எல்லா உயிர்களுக்கும் பொதுவானது. அதற்குப் பிறகு வந்த ஓராண்டுக்கும் மேற்பட்ட காலம் அவ்வாறானதன்று. சாகாமல் தப்பியவர் எதற்காக வாழ்வது என்பதைத் தாமே தீர்மானித்துக் கொள்ள வேண்டிய காலம் அது.

வைத்தியசாலைக் கட்டிலில் அவருக்கு ஒரு முன்னுதாரணம் கிடைத்தது. முதலாம் உலகப் போரில் 1915 ஆம் ஆண்டு வலது காலை இழந்த ரஷ்ய விமானி புரொக்கோபியெவ் செவெர்ஸ்கி செயற்கைக் காலுடன் மீண்டும் பறந்தார் என்பதை அவர் அறிந்தார். செவெர்ஸ்கி பிற்காலத்தில் அமெரிக்கா சென்று புகழ்பெற்ற விமான வடிவமைப்பாளராக விளங்கியவர். நாவலில் இந்த முன்னோடி வேறொரு பெயரிலேயே வருகின்றார். செவெர்ஸ்கி இழந்தது ஒரு காலை. மரேசியெவ் இழந்ததோ இரண்டையும். இங்கிலாந்தில் 1931 இல் இரு கால்களையும் இழந்த டக்ளஸ் பேடர் உலகப் போர் தொடங்கிய பின்னர் விமானப்படைக்குத் திரும்பியிருந்தார் என்பதும் அக்கால வரலாறே.

போர்விமானமொன்றைச் செலுத்துவதற்குக் கைகள் மாத்திரம் போதா. விமானத்தின் வால் சுக்கானைத் திருப்புபவை கால்மிதிகளே. எவ்வளவு அழுத்துகின்றோம் என்பதை விமானி பாதத்தினாலேயே உணர்கின்றார். கணுக்காலின் சிறு அசைவினாலேயே அதைச் சீர்செய்கின்றார். மரத்தாலும் தோலாலும் ஆன செயற்கைக் காலுக்கு அந்த உணர்வு கிடையாது. எனவே பாதம் செய்த வேலையை முழங்காலுக்கும் தொடைக்கும் கற்பிக்க வேண்டியிருந்தது. முழங்கால்கள் எஞ்சியிருந்தமையே அவருக்குக் கிடைத்த ஒரே அனுகூலம் எனலாம்.

வைத்தியசாலையிலேயே அவர் பயிற்சியைத் தொடங்கினார். ஊன்றுகோல்களுடன் நின்றார், பிறகு அவையின்றி நடந்தார். தோல் பட்டிகள் அழுத்திய இடங்களில் புண்கள் உண்டாகின. 1942 செப்டெம்பரில் உடல் தேறுவதற்கான ஓய்வு இல்லமொன்றுக்கு அனுப்பப்பட்டார். மற்றையோர் ஓய்வெடுத்த அவ்விடத்தை அவர் பயிற்சிக்களமாக்கிக் கொண்டார். நடப்பதற்கே மற்றவர் துணை வேண்டும் என எதிர்பார்க்கப்பட்டவர் நடனமாடவும் பழகியதை நாவல் விரிவாக வருணிக்கின்றது. நடனம் அவருக்குக் கேளிக்கையன்று. உடலின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு நொடிப்பொழுதில் மாற்றக் கற்பதற்கு அதைவிடச் சிறந்த பயிற்சி கிடையாது.

1943 ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் அவர் மருத்துவச் சபையின் முன் தோன்றினார். கால்களற்ற ஒருவரைப் போர்விமானியாக அங்கீகரிக்க எந்த மருத்துவச் சபையும் தயங்கும். அந்தத் தயக்கத்தில் கொடுமை எதுவும் இல்லை; ஒரு விமானியின் தவறு அவருடன் பறக்கும் ஏனையோரின் உயிரையும் பறிக்கக்கூடியது. எனினும் அச்சபையினர் கதவை மூடிவிடவில்லை. அவரைப் பரீட்சிக்க இணங்கினர். சுவாஷியாவிலுள்ள இப்ரெசி விமானப் பயிற்சிப் பாடசாலைக்கு அவர் அனுப்பப்பட்டார். 1943 பெப்ரவரியில், காயமடைந்து பத்து மாதங்களுக்குப் பின்னர், சோதனைப் பறப்பில் மீண்டும் வானில் ஏறினார். அங்கிருந்து போர்முனைக்குச் செல்வதற்கான அனுமதியையும் பெற்றார்.

அவர் சென்று சேர்ந்த இடம் சாதாரணமானதன்று. 1943 ஜூனில் 63 ஆவது கார்ட்ஸ் போர்விமானப் படையணியில் அவர் இணைந்தார். ‘கார்ட்ஸ்’ என்பது போரில் தனிச்சிறப்புடன் விளங்கிய படையணிகளுக்கு 1941 செப்டெம்பர் முதல் சோவியத் ஒன்றியம் வழங்கிய கௌரவப் பெயர். அப்பெயரைப் பெற்ற படையணிகளில் சம்பளமும் கூடுதல், எதிர்பார்ப்பும் கூடுதல். அவரது பழைய யாக் விமானத்துக்குப் பதிலாக, அப்படையணியின் லா-5 விமானத்துக்கும் அவர் தம்மைப் பழக்கிக் கொள்ள வேண்டியிருந்தது.

படையணியில் இடம் கிடைத்தது. ஆனால் பறப்பதற்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. கூர்ஸ்க் பெருஞ்சமர் நெருங்கிக் கொண்டிருந்த நேரம் அது. படையணித் தளபதி அவரைச் சமருக்கு அனுப்பத் தயங்கினார். சக விமானிகளின் நிலையும் அவ்வாறே. போர்விமானங்கள் சோடியாகப் பறப்பவை. முன்னால் செல்பவரின் முதுகைக் காப்பவர் பின்னால் வருபவர். செயற்கைக் கால் கொண்ட ஒருவரிடம் தமது முதுகை ஒப்படைக்க எவர்தான் முன்வருவார்? மருத்துவச் சபையின் அனுமதிப் பத்திரத்தினால் இந்த மனத்தடையை நீக்க முடியவில்லை.

அதை நீக்கியவர் படைப்பிரிவுத் தளபதி சிஸ்லோவ். அவர் மரேசியெவைத் தமது சோடியாக ஏற்றுக்கொண்டு வானில் அழைத்துச் சென்றார். இவ்வரலாற்றில் மிகக் குறைவாகப் பேசப்படும் மனிதர் இவரே என நாம் கருதுகின்றோம். மரேசியெவின் மனவுறுதியை எல்லோரும் புகழ்கின்றனர். அந்த உறுதியை நம்பித் தமது உயிரைப் பணயம் வைத்த ஒருவர் இல்லாதிருந்தால், அவ்வளவு உறுதியும் விமானத் தளத்தின் ஓரத்திலேயே கழிந்திருக்கும்.

1943 ஜூலை 20 ஆம் திகதி, எண்ணிக்கையில் மிகுந்த எதிரி விமானங்களுடன் நடந்த சமரில் மரேசியெவ் சக விமானிகள் இருவரின் உயிரைக் காப்பாற்றினார். எதிரியின் போர்விமானங்கள் இரண்டையும் வீழ்த்தினார். அதன் பின்னர் அவருடன் பறக்க எவரும் தயங்கவில்லை. அவ்வாண்டு ஓகஸ்ட் 24 ஆம் திகதி சோவியத் ஒன்றியத்தின் வீரர் என்ற அதியுயர் விருது அவருக்கு வழங்கப்பட்டது. மொத்தம் 86 போர்ப் பறப்புகள். வீழ்த்திய விமானங்கள் 11. அவற்றுள் ஏழு, கால்களை இழந்த பின்னர் வீழ்த்தப்பட்டவை.

போர்ச் செய்தியாளராகவிருந்த பொலெவோய் அவரைச் சந்தித்ததும் 1943 கோடையிலேயே. நாவல் 1946 இல் எழுதப்பட்டது. 1948 இல் திரைப்படமாகியது. மரேசியெவ் தமது நாட்டின் ஒவ்வொரு பாடசாலையிலும் அறியப்பட்ட பெயரானார். 1946 இல் படையிலிருந்து ஓய்வு பெற்று, உயர்கல்வி கற்று, வரலாற்றுத் துறையில் ஆய்வுப் பட்டமும் பெற்றார். 1956 முதல் சோவியத் போர் வீரர் குழுவின் செயலாளராகப் பல்லாண்டு பணியாற்றினார். 2001 மே 18 ஆம் திகதி, அவரது 85 ஆவது பிறந்தநாளை முன்னிட்டு மொஸ்கோவில் ஏற்பாடு செய்யப்பட்டிருந்த விழா ஆரம்பமாவதற்குச் சற்று முன்னர் மாரடைப்பினால் காலமானார். மலர்களுடன் வந்திருந்தோர் மௌன அஞ்சலி செலுத்த நேர்ந்தது.

இக்கதையின் மறுபக்கத்தையும் கூறாதுவிடுவது நேர்மையாகாது. அதே போரில் அவயவங்களை இழந்த சோவியத் படையினர் இலட்சக்கணக்கானோர். அவர்களுள் பலர் போருக்குப் பின்னர் புகையிரத நிலையங்களிலும் சந்தைகளிலும் கையேந்தி வாழ்ந்தனர். ஒரு மரேசியெவைப் போற்றிய அரசு, மரேசியெவ் ஆக முடியாதவர்களைக் கண்டுகொள்ளத் தவறியது. முன்மாதிரி ஒன்றைக் காட்டி, அதுபோல் எழுந்து நில்லுங்கள் என்று ஏனையோரிடம் சொல்வது எளிது. எழுந்து நிற்பதற்குத் தேவையான செயற்கைக் காலையும் பயிற்சியையும் தொழிலையும் வழங்குவது கடினம்.

இது நமக்கு அந்நியமான விடயமன்று. 2009 இல் முடிவுற்ற மூன்று தசாப்த கால யுத்தம் இந்நாட்டின் தமிழ், முஸ்லிம், சிங்கள மக்கள் பலரின் கால்களைக் கண்ணிவெடிகளாலும் எறிகணைகளாலும் பறித்தது. அவர்களுள் பலர் ஆயுதம் எதையும் தொடாத விவசாயிகளும் மீனவர்களும் தாய்மாரும் மாணவர்களுமாவர். வலது குறைந்தோரின் உரிமைகளுக்கான 28 ஆம் இலக்கச் சட்டம் 1996 இல் நிறைவேற்றப்பட்டது. அவர்களுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. சட்டங்கள் மருத்துவச் சபையின் அனுமதிப் பத்திரத்தைப் போன்றவை. அவை அவசியமானவை, எனினும் அவற்றுடன் வேலை முடிந்துவிடுவதில்லை.

யுத்தத்தை எவ்வகையிலும் போற்றுவது நமது நோக்கமன்று. இரு கால்களையும் ஏழெட்டு கோடி உயிர்களுள் ஒரு பங்கையும் விழுங்கிய அந்த யுத்தம் நிகழாதிருந்தால், கமிஷின் நகரத்து இளைஞன் தன் சொந்தக் கால்களுடன் பறந்திருப்பான். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. ஊன்றுகோலுடன் நேர்முகத் தேர்வுக்கு வரும் இளைஞரையோ யுவதியையோ பார்த்தவுடன் முடிவு செய்துவிடாமல், அவரால் என்ன செய்ய முடியும் என்பதைப் பரீட்சித்துப் பார்க்கும் பொறுமை நமது அலுவலகங்களுக்கும் பாடசாலைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வர வேண்டும். மனவுறுதி கொண்ட மரேசியெவ்கள் நம்மிடையே நிறையவே இருக்கின்றனர். அவர்களைத் தமது சோடியாக அழைத்துச் செல்லும் சிஸ்லோவ்களுக்கே இங்கு பஞ்சம்.