கறைபடாத கரங்கள்



ஒருவர் பதவியேற்கும் நாளில் அவரைப் புகழப் பலர் கூடுவர். ஆனால், பொறுப்பைக் கையளிக்கும் நாளில் தம்மீது குறை கூறுவோர் முன்வரலாம் எனத் தாமே அழைப்பவர் அரிதிலும் அரிது. கி.மு. 11ஆம் நூற்றாண்டில் இஸ்ரவேலரை நியாயம் விசாரித்த சாமுவேல் தீர்க்கதரிசி அத்தகையவர்.

பிள்ளையின்றி மனங்கசந்து அழுது மன்றாடிய அன்னாள் பெற்ற மகன் அவர். பால் மறந்த பருவத்திலேயே தாய் அவரைச் சீலோவிலிருந்த கர்த்தரின் ஆலயத்தில் ஒப்படைத்தாள். ஆனால் அந்தப் புனித இடமே அன்று கறைபட்டிருந்தது. ஆசாரியனாகிய ஏலியின் புதல்வர்கள் ஓப்னியும் பினெகாசும், மக்கள் கொண்டுவந்த பலியின் இறைச்சியைப் பலவந்தமாகப் பறித்துத் தின்றனர். இவர்களின் நடுவே வளர்ந்தும் சிறுவன் சாமுவேல் அவர்கள் வழியில் நடக்கவில்லை.

அவருடைய நேர்மைக்கு முதற் சோதனை ஓர் இரவில் வந்தது. ஏலியின் குடும்பத்தின்மேல் வரவிருந்த தண்டனையைக் கர்த்தர் அவருக்கு வெளிப்படுத்தினார். தம்மை வளர்த்த முதியவரிடம் அதனை அறிவிக்கச் சிறுவன் அஞ்சினான். ஆயினும் காலையில் ஏலி வினவியபோது, ஒன்றையும் மறைக்காமல் யாவையும் கூறினான். பிறர் முகத்தைப் பார்த்து உண்மையைக் குறைக்காத அந்தப் பழக்கமே பின்னாளில் அவரை நம்பத்தக்க நீதிபதியாக்கியது.

அவர் ஆண்டுதோறும் பெத்தேல், கில்கால், மிஸ்பா ஆகிய இடங்களுக்குச் சுற்றிச் சென்று வழக்குகளை விசாரித்து, ராமாவிலிருந்த தம் வீட்டுக்குத் திரும்புவார். முதுமையில் தம் புதல்வர்களாகிய யோவேலையும் அபியாவையும் நியாயாதிபதிகளாக நியமித்தார். பெயெர்செபாவில் பணியாற்றிய அவர்களோ பொருளாசை கொண்டு, இலஞ்சம் வாங்கி, நியாயத்தைப் புரட்டினர். தந்தையின் உள்ளத்தை வருத்தக்கூடிய இந்தச் செய்தியைத் திருமறை மறைக்கவில்லை. அதைக் காரணங்காட்டியே மக்கள் தங்களுக்கு ஓர் அரசன் வேண்டும் என்றனர்.

சவுல் அரசனான பின், கில்காலில் கூடிய மக்கள் முன் நரைத்த தலையுடன் சாமுவேல் எழுந்து நின்றார். யாருடைய எருதையோ கழுதையையோ தாம் எடுத்ததுண்டா, யாரையாவது ஏமாற்றியதோ ஒடுக்கியதோ உண்டா, கண்ணை மறைக்கும் இலஞ்சம் வாங்கியதுண்டா என்று கேட்டார். அப்படி ஏதேனும் இருந்தால் திருப்பிக் கொடுக்கவும் ஆயத்தமாயிருந்தார். அவரிடம் அத்தகைய குற்றம் எதுவும் இல்லையென்று மக்கள் ஒருமுகமாகச் சாட்சி பகர்ந்தனர். இதனை 1 சாமுவேல் 12ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

அவர் பெரும் பொக்கிஷங்களைப் பற்றிக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எருது ஏழையின் உழவுக்கு உதவுவது; கழுதை அவன் சுமையைச் சுமப்பது. ஊர் ஊராகச் செல்லும் அதிகாரிக்கு இவை எளிதில் கிட்டக்கூடியவை. அலுவலக வாகனத்தைச் சொந்தத் தேவைக்கு எடுப்பதும், செய்ய வேண்டிய கடமைக்கே அன்பளிப்பை எதிர்பார்ப்பதும் இன்று நமக்கு அவ்வாறே சிறியனவாகத் தோன்றுகின்றன. நேர்மை இத்தகைய சிறிய காரியங்களிலேயே காக்கப்படுகிறது, அல்லது இழக்கப்படுகிறது.

சீர்கெட்டவர்கள் நடுவே வளர்ந்த சாமுவேல் தூயவராய் வாழ்ந்தார். தூயவரின் வீட்டுப் பிள்ளைகளோ வழிதவறினர். ஆகவே நம் குற்றத்துக்குச் சூழலைப் பழிசொல்ல முடியாது. பெற்றோரின் நற்பெயரில் மறைந்துகொள்ளவும் முடியாது. நேர்மையை ஒவ்வொருவரும் தாமே தெரிந்துகொள்ள வேண்டும்.

சாமுவேல் மரித்தபோது இஸ்ரவேலர் அனைவரும் கூடித் துக்கங்கொண்டாடினர். நாமும் பொறுப்புகளை விட்டு விலகும் நாள் வரும். அன்று நம்மோடு பணியாற்றியவர் முன்பாகவும், யாவையும் காண்கிற ஆண்டவர் முன்பாகவும் நம் கைகளை விரித்துக் காட்டக்கூடியவர்களாய் வாழ அவர் நமக்கு அருள்புரிவாராக. ஆமென்.