காளான் வரைந்த அம்மையார்

நீலச் சட்டையணிந்து, தோட்டக்காரருக்கு அஞ்சி ஓடும் பீட்டர் என்னும் முயலை நம் காலனிக் குழந்தைகள் அறிவர். அதனைப் படைத்த பியாட்ரிக்ஸ் பாட்டர் அம்மையார் அதற்கு முன் பத்தாண்டுக் காலம் காளான்களை வரைந்து வந்தவர் என்பதைப் பெற்றோரிலும் பலர் அறியார். மழைக்காலத்தில் புனே நகரின் வேலியோரங்களில் குடை விரிக்கும் காளான்களை நாம் காலால் எற்றிவிட்டுப் போகிறோம். அவற்றை அவ்வம்மையார் நோக்கிய விதம் வேறு.

அவர் 1866 ஜூலை 28ஆம் நாள் லண்டனில் ஒரு செல்வக் குடும்பத்திற் பிறந்தார். பள்ளிக்கூடம் சென்றதில்லை, வீட்டிலேயே ஆசிரியை வைத்துக் கற்பித்தனர். விடுமுறைகளைக் குடும்பத்தார் ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்தின் ஏரி நாட்டிலும் கழிப்பது வழக்கம். அங்குள்ள காடுகளிலே காளான்களைக் கண்டு, அவற்றின் வர்ணத்தில் மனம் பறிகொடுத்தார்.

1892ஆம் ஆண்டில் டன்கெல்ட் என்னும் ஊரில் சார்லஸ் மக்கின்டாஷ் என்பாரைச் சந்தித்தார். மக்கின்டாஷ் பேராசிரியரல்லர், கிராமத் தபால்காரராயிருந்து ஓய்வு பெற்றவர். கடிதம் வழங்க நடந்த வழியெல்லாம் செடி கொடிகளை ஆராய்ந்து கற்றவர். எம்மைப் போன்ற சிற்றுத்தியோகஸ்தர்களுக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவது. அழகு மட்டும் போதாது, காளானை நெடுக அறுத்து உட்புறத்தையும் வரைக, குடையின் கீழுள்ள மடிப்புகள் தண்டோடு சேருமிடத்தைக் காட்டுக என்று அவர் அறிவுறுத்தினார். பின்னர் லண்டனுக்குத் தபாலிலேயே காளான்களை அனுப்பி வந்தார். அம்மையார் கைம்மாறாகப் படங்களை அனுப்பினார். விரைவிற் கெடும் சரக்கை அவ்வளவு தூரம் அனுப்புவது எத்துணைச் சிரமம் என்பதைப் பார்சல் ஆபீஸ் அறிந்தவர் உணர்வர்.

புதிதாய்த் தூரிகை பிடிக்கும் நம் சிறுவர் சிறுமியரும் இம்முறையைக் கைக்கொள்ளலாம். காளான் சில மணி நேரத்தில் வாடி நிறம் மாறும். ஆதலால் பென்சிலால் மெல்லிய கோடிட்டவுடன் வர்ணத்தைக் கவனிக்க வேண்டும். முதலில் நீர் மிகுந்த வெளிர் நிறம். அது உலர்ந்த பின்பே அடுத்த பூச்சு. குடையின் மேல் பளபளக்கும் இடத்துக்கு வெள்ளை வர்ணம் வேண்டா; காகிதத்தின் வெண்மையையே விட்டுவிடுதல் நலம். மற்றொரு குடையைக் காகிதத்தின் மேல் கவிழ்த்துக் கிண்ணத்தால் மூடி ஓரிரவு வைத்தால், வித்துத்தூள் உதிர்ந்து மடிப்புகளின் வடிவம் தானே பதியும். வாயிலிடுதல் மட்டும் கூடாது. கைகளையும் கழுவ வேண்டும்.

நிற்க. அம்மையார் வரைவதோடு நில்லாமல் அவ்வித்துக்களை முளைக்கச் செய்து, உருப்பெருக்கியில் சுமார் 600 மடங்கு பெரிதாகக் கண்டு வரைந்தார். ரசாயன விஞ்ஞானியாகிய அத்தை கணவர் சர் ஹென்றி ராஸ்கோ துணையுடன் கியூ தாவரத் தோட்டத்தை அணுகினார். அதன் தலைவர் அவரைப் பொருட்படுத்தவில்லை. 1897 ஏப்ரல் 1ஆம் நாள் அவருடைய கட்டுரை லின்னேயன் சங்கத்தின் முன் வைக்கப்பட்டது. ஆனால் பெண்களுக்கு அச்சபையில் இடமில்லை. எழுதியவர் இல்லாமலே, கியூவைச் சேர்ந்த ஜார்ஜ் மாஸ்ஸி அதனை முன்வைத்தார். பின்னர்க் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது, அச்சேறவில்லை. முறைப்படி கற்கவில்லை என்பது ஒரு குறையாயின், அதனை உள்ளே அழைத்துக் கேட்டபின் கூறியிருக்கலாம் என்பதே எம் கருத்து.

1893 செப்டம்பர் 4ஆம் நாள் நோயுற்ற ஒரு சிறுவனுக்குப் படங்களோடு எழுதிய கடிதமே முயற்கதையாக வளர்ந்து 1902இல் வெளிவந்தது. புகழும் பொருளும் சேர்ந்தன. ஏரி நாட்டில் பண்ணைகள் வாங்கி ஆடு வளர்த்தார். 1913இல் வில்லியம் ஹீலிஸ் என்பாரை மணந்தார். 1943 டிசம்பர் 22இல் காலமானார். 4000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அவர் விருப்பப்படி நேஷனல் டிரஸ்ட் என்னும் பொது அமைப்பைச் சேர்ந்தது.

காளான் படங்களோ அம்பிள்சைடு ஊரின் ஆர்மிட் நூலகத்தை அடைந்தன. 1967இல் பிண்ட்லே என்னும் காளான் அறிஞர் தம் நூலுக்கு அவற்றினின்று 59 படங்களை எடுத்துக்கொண்டார். நம் புனேயின் அகார்கர் நிலையத்திற் போல் பூஞ்சைகளை உயிரோடு சேமித்து வைக்கும் வசதி பெருகிய இந்நாளிலும், காளான்களை இனங்காண அப்படங்கள் உதவுகின்றன. லின்னேயன் சங்கம், பெண் என்பதால் அவருக்கு உரிய மதிப்பளிக்கத் தவறியதை 1997இல் ஒப்புக்கொண்டது. அக்கட்டுரையின் பிரதி மட்டும் இன்றளவும் அகப்படவில்லை.