மா. கிருஷ்ணன்: கொல்லைப்புறத்துக் காடு

கொல்கத்தாவின் டாலிகஞ்ச் பகுதியில் இரவு முதிர்ந்த பின் நரிகளின் ஊளை கேட்பதுண்டு. 1895ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற டாலிகஞ்ச் கிளப்பின் பரந்த புல்வெளிகளிலும் முதிர்ந்த மரங்களின் அடியிலும் நரிக் குடும்பங்கள் இன்றும் வாழ்ந்து வருகின்றன. மெட்ரோ ரயில் நிலையமும் கடைவீதியும் கூப்பிடு தொலைவில் இருந்தும் அவை இடம் பெயரவில்லை. அப்பகுதியின் பழைய வீட்டுப் பரண்களில் மரநாய் குட்டி ஈனுவதும் உண்டு. வங்காளியர் அதனைப் 'பாம்' என்பர். இவ்வாறு மனிதரோடு ஒட்டி வாழும் உயிர்களைப் பற்றிக் கொல்கத்தாவின் 'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 46 ஆண்டுகள் இடைவிடாது எழுதியவர் ஒரு தமிழர். அவர்தாம் மா. கிருஷ்ணன்.

கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். தந்தையார் அ. மாதவையா, 'பத்மாவதி சரித்திரம்' என்னும் புதினத்தைப் படைத்தவர். எட்டு மக்களில் இளையவர் கிருஷ்ணன். மாதவையா சென்னை மயிலாப்பூரில் வீடு கட்டிக் குடியேறினார். அக்கால மயிலாப்பூரை இன்றைய நெரிசலைக் கொண்டு எண்ணிப் பார்த்தல் இயலாது. வீட்டைச் சுற்றிப் புதர்கள் மண்டியிருந்தன, பறவைகள் நிறைந்திருந்தன, நரிகளும் வெளிமான்களும் கண்ணில் பட்டன. சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரியை வளர்த்தான். அன்று அதைத் தடுக்கும் சட்டம் ஏதும் இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின் கீரியை வீட்டில் வளர்ப்பது குற்றம்.

1925ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவையில், இளங்கலை வகுப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உரையாற்றிய மாதவையா, அக்கூட்டத்திலேயே உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று.

பின்னர் அவர் மாநிலக் கல்லூரியில் பயின்றார். தாவரவியல் பேராசிரியர் பைசன், மாணவர்களை நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அழைத்துச் சென்று செடிகளை அவை வளரும் இடத்திலேயே காட்டினார். தாவரவியலில் முதுகலைப் பட்டமும் அதன்பின் சட்டப் பட்டமும் பெற்ற கிருஷ்ணனுக்கு நிலையான வேலை எளிதில் வாய்க்கவில்லை. 1942இல் பெல்லாரிக்கு அருகிலுள்ள சண்டூர் சமஸ்தானத்தில் பணி ஏற்றார். ஆசிரியர், நீதிபதி, மன்னரின் செயலர் எனப் பல பொறுப்புகளை வகித்தார். குன்றுகள் சூழ்ந்த அச்சிற்றூரில் அலுவல் போக எஞ்சிய நேரமெல்லாம் பறவை, விலங்குகளைப் பார்ப்பதிலேயே கழிந்தது. சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் மயிலாப்பூர் வீட்டிற்கே திரும்பினார். வேறு வேலை தேடவில்லை. எழுத்தையும் ஓவியத்தையும் நிழற்படத்தையும் மட்டுமே நம்பி வாழத் துணிந்தார். குடும்பத் தலைவர் ஒருவருக்கு அஃது எளிய முடிவன்று.

1950இல் 'கன்ட்ரி நோட்புக்' என்னும் அவரது பத்தி தொடங்கியது. காட்டு யானையைப் பற்றி எழுதிய அதே கவனத்துடன் காக்கையையும் அணிலையும் பற்றி எழுதினார். கோட்டோவியங்களையும் தாமே வரைந்தார். அரிய விலங்கைத் தேடி நெடுந்தொலைவு செல்ல இயலாதவருக்கும் கொல்லைப்புறம் உண்டு என்பது அவருடைய எண்ணம். பார்ப்பவர் அசையாமல் நெடுநேரம் இருந்தால் போதும்.

இயற்கையில் மனிதர் தேவையின்றித் தலையிடுவதை அவர் விரும்பவில்லை. நகரத்துக் குட்டிகளிடத்தும் குஞ்சுகளிடத்தும் இதனைப் பொருத்திப் பார்ப்பது தகும். கோடையில் காக்கைக் குஞ்சு தரையில் தத்தித் திரிவதைக் கண்டு பலர் மனம் இளகி வீட்டிற்கு எடுத்துச் செல்கின்றனர். இறகு முளைத்து, கிளைகளைப் பற்றி நிற்கும் வலிமை பெற்ற குஞ்சு கூட்டைவிட்டு இறங்குவது அதன் வளர்ச்சியின் ஒரு நிலை. தாயும் தந்தையும் அருகிலேயே இருந்து சில நாள்கள் இரை ஊட்டும். அணுகுபவரைத் தலையில் கொத்தவும் செய்யும்! அந்நிலையில் நாயையும் பூனையையும் விலக்கி வைப்பதே செய்யத்தக்க உதவி. இறகே முளைக்காத குஞ்சு விழுந்திருந்தால், கூடு எட்டும் உயரத்தில் இருப்பின் அதிலேயே திரும்ப வைக்கலாம். மனித வாடை பட்டால் தாய்ப்பறவை குஞ்சை ஒதுக்கிவிடும் என்று பாட்டிமார் சொல்வது சரியன்று. ஆனால் அலகைத் திறந்து பால் புகட்டுவது பெருந்தீங்கு. பறவைக்குப் பால் செரிக்காது, நீர்த்துளியும் மூச்சுக்குழாயுள் சென்று உயிரைப் போக்கக்கூடும்.

கண் திறவாத அணில் குட்டி மரத்தடியில் கிடந்தால், துணி விரித்த திறந்த பெட்டியில் இட்டு அம்மரத்தடியிலேயே வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். தாய் அணில் வந்து வாயால் கவ்வி எடுத்துச் செல்லும். நரியும் மரநாயும் இரை தேடச் செல்லும்போது குட்டிகளைத் தனியே விட்டுச் செல்வது வழக்கம். தனித்திருக்கும் குட்டி யாவும் கைவிடப்பட்டதன்று. குருதி வடிதல், எலும்பு முறிதல், பூனை கவ்வியிருத்தல், உடல் சில்லிட்டிருத்தல், தாய் இறந்து கிடத்தல் ஆகியவையே தலையிட வேண்டிய அறிகுறிகள். அப்போதும் வீட்டில் வளர்க்க முற்படாமல் வனத்துறையினருக்குத் தெரிவிப்பதே முறை.

மனிதரும் பறவையும் சேர்ந்து வாழ்வதற்குத் தமிழகத்திலேயே பழைய சான்று ஒன்று உண்டு. வேடந்தாங்கல் மக்கள் ஏரி மரங்களில் கூடு கட்டும் நாரைகளையும் கொக்குகளையும் பல தலைமுறைகளாகக் காத்து வந்தனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் அவர்தம் வயலுக்கு உரமாயிற்று. அப்பறவைகளைப் பல பருவங்கள் தொடர்ந்து கவனித்து எழுதியவர் கிருஷ்ணன். தமிழிலும் அவர் விலங்குகளைப் பற்றிக் கட்டுரைகள் எழுதினார்.

1968இல் ஜவஹர்லால் நேரு ஆய்வு நல்கையும் 1970இல் பத்மஸ்ரீ விருதும் அவரை அடைந்தன. வண்ணப்படத்தை நாடாமல் கருப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். பல பாகங்களைத் தாமே பொருத்தி அமைத்த கனத்த ஒளிப்படக் கருவியைச் சுமந்து காடுகளில் நடந்தார். முதுமையிலும் பத்தி நிற்கவில்லை. 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் சென்னையில் அவர் காலமானார். அன்று காலை கொல்கத்தா வாசகர்களின் கையில் இருந்த 'தி ஸ்டேட்ஸ்மன்' இதழில் அவருடைய கட்டுரை வழக்கம்போல் வெளியாகியிருந்தது.