குதிரையேறிய குருவானவர் கீனோ அடிகளார்

நம் கடற்கரையில் முத்துக்குளிக்கும் மக்களிடையே கால் தேய நடந்தவர் புனித சவேரியார் என்பதை நம் பங்கில் சிறு பிள்ளையும் அறியும். அவர் மீது கொண்ட பக்தியால் தம் பெயரோடு பிரான்சிஸ்கோ என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டு, உலகத்தின் மறுகோடியில், நடந்தல்ல, குதிரைமேல் ஏறி மறைபரப்பிய ஒரு குருவானவரைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அவர்தான் சேசுசபையைச் சேர்ந்த எவுசேபியோ பிரான்சிஸ்கோ கீனோ அடிகளார்.

இத்தாலியின் வடக்கே, ஆல்ப்ஸ் மலைச்சாரலில் உள்ள சேஞ்ஞோ என்னும் சிற்றூரில் 1645-ஆம் ஆண்டு பிறந்தார். மாணவராயிருந்தபோது கொடிய நோய் கண்டு சாவின் வாயில்வரை சென்றார். பிழைத்தால் சேசுசபையில் சேர்ந்து தூரதேச வேதபோதகனாவேன் என்று சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பிழைத்தார், 1665-இல் சபையிலும் சேர்ந்தார். கணிதத்திலும் வானநூலிலும் மிக வல்லவர். பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பதவி தேடி வந்தும் ஏற்கவில்லை. அவர் மனமெல்லாம் சீனாவில் இருந்தது. ஆனால் அவருக்கும் உடன் வந்த மற்றொரு குருவுக்கும் கிழக்கே ஓரிடம், மேற்கே ஓரிடம் என்று இரண்டே இடங்கள் கிடைத்தன. சீட்டுப் போட்டார்கள். கீனோ அடிகளாருக்கு மெக்சிகோ விழுந்தது. ஸ்பெயின் துறைமுகத்தில் கப்பலுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, 1681-இல் மெக்சிகோ போய்ச் சேர்ந்தார்.

முதலில் கலிபோர்னியாவில் தொடங்கிய பணி வறட்சியாலும் உணவுப் பஞ்சத்தாலும் கைவிடப்பட்டது. பிறகு 1687 மார்ச்சில் பீமா இன மக்கள் வாழ்ந்த வறண்ட நாட்டுக்கு வந்து, வியாகுல மாதா பெயரால் தொலோரஸ் என்னும் மறைத்தளத்தை நிறுவினார். அப்போது அவருக்கு வயது 41. அதன்பின் சாகும்வரை 24 ஆண்டுகள் அந்தப் பாலைவனமே அவர் பங்கு. இன்றைய மெக்சிகோவின் சொனோரா மாநிலமும், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தின் தென்பகுதியும் சேர்ந்த நிலம் அது. (அதே ஆண்டுகளில்தான் அவரைவிட இரண்டு வயது இளையவரான புனித அருளானந்தர் நம் மறவர் நாட்டில் நடந்துகொண்டிருந்தார், 1693-இல் ஓரியூரில் இரத்தம் சிந்தினார்.)

அடிகளாரின் சிலைகள் பல ஊர்களில் உண்டு. அவற்றுள் சிலவற்றில் அவர் ஒற்றைக் குதிரைமீது கம்பீரமாக அமர்ந்திருக்கிறார். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. உண்மை வேறு. பாலைவனத்தில் நாள்தோறும் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் என்று வாரக்கணக்கில் ஒரே குதிரையை ஓட்டினால் அது மடிந்துபோகும். ஆகவே மாற்றுக் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் பெரிய மந்தையாக உடன் ஓட்டிச் செல்வார். ஒன்று களைத்தால் சேணத்தை இறக்கி மற்றொன்றின்மேல் வைப்பார். புல்லும் நீரும் எங்கே என்பதைப் பார்த்துத்தான் இரவு தங்கும் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். பாறைக்குழிகளில் தேங்கிய மழைநீரை நம்பிச் சென்ற வழிகளும் உண்டு. 1699-இல் அவர் சென்ற அத்தகைய வழி ஒன்றுக்குப் பிற்காலத்தார் சாத்தானின் பாதை என்றே பெயரிட்டனர். தாம் அறிவிக்கப் போன இடங்களில் கோதுமை விதையையும் கால்நடையையும் கொண்டுபோய்க் கொடுத்து, பீமா இளைஞர்களைக் குதிரை மேய்ப்பதிலும் பழக்கினார். அவர் பயணங்கள் நாற்பதுக்கும் மேல். அந்தக் குதிரைகளில் ஒன்றின் பெயராவது நமக்குக் கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

1695-ஆம் ஆண்டு பெரும் சோதனை வந்தது. ஏப்ரல் 2-ஆம் நாள், பெரிய சனிக்கிழமையன்று, கபோர்க்கா என்னுமிடத்தில் இளங்குரு சயெத்தா கலகக்காரரால் கொல்லப்பட்டார். பழிவாங்க வந்த படைவீரர்கள், சமாதானம் பேச ஆயுதமின்றி வந்த பீமா மக்களில் ஏறக்குறைய ஐம்பது பேரை வெட்டிச் சாய்த்தனர். அதன்பின் நாடே பற்றியெரிந்தது, கோவில்கள் சாம்பலாயின. இந்த மக்கள் திருந்தமாட்டார்கள், இவர்களைக் கைவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. சமாதானம் ஏற்பட உழைத்த கீனோ அடிகளார், அதே ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் குதிரையேறினார். பீமா இளைஞர் சிலரையும் உடன் அழைத்துக்கொண்டார். ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர் கடந்து 53 நாட்களில், 1696 ஜனவரி 8-ஆம் நாள், மெக்சிகோ நகர் சேர்ந்து மேலாளர்முன் அம்மக்களுக்காக வாதாடினார். அப்போது அவர் வயது ஐம்பதைக் கடந்திருந்தது. அதற்கு முன்பே, புதிதாக மனந்திரும்பியவர்களை வெள்ளிச் சுரங்க வேலைக்குக் கட்டாயமாக இழுக்கலாகாது என்பதற்கு அரச ஆணையின் பாதுகாப்பைப் பெற்று வைத்திருந்தார். சுரங்க முதலாளிகளுக்கு அவர்மேல் பிரியம் இருந்திருக்க முடியாது.

மற்றொரு பயணம் சிறியது. ஆனால் எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. 1700 மே மாதத் தொடக்கத்தில் அவர் தூமாக்காக்கொரி என்னும் ஊரில் இருந்தார். தெற்கே சான் இஞ்ஞாசியோவில் ஓர் ஏழை இந்தியனைப் படைவீரர்கள் கொல்லப் போகிறார்கள் என்று அங்கிருந்த குருவானவரிடமிருந்து செய்தி வந்தது. அவசரமாய் ஒரு கடிதம் எழுதி முன்னே அனுப்பினார். சூரியோதயத்தில் திருப்பலி நிறைவேற்றினார். பிறகு சேணம் ஏறியவர் பகல் முழுவதும் ஓட்டி, நடுநிசியில் இமூரிஸ் சேர்ந்தார். நூறு கிலோமீட்டருக்குக் குறையாத தூரம். மறுநாள் அதிகாலையில் சான் இஞ்ஞாசியோ வந்து சேர்ந்தார். அந்த மனிதன் உயிர் பிழைத்தான்.

கலிபோர்னியா ஒரு தீவு என்று அக்காலத்தில் பலரும் நம்பினர். அவரும் சில காலம் நம்பினார். மேலைக் கடற்கரையில் தாம் முன்பு கண்ட நீலச் சிப்பிகளை, பாலைவனத்தின் உள்நாட்டு மக்கள் 1699-இல் அவருக்குப் பரிசாகக் கொடுத்தபோது சிந்தித்தார். கடல் கடந்து வரமுடியாதவை நிலவழியே வந்திருக்க வேண்டுமல்லவா? 1701-இல் ஒரு கூடையைத் தெப்பத்தின்மேல் வைத்து, அதில் அமர்ந்து கொலராடோ ஆற்றைக் கடந்தார். 1702-இல் ஆறு கடலில் விழும் இடத்தையே கண்டார். அவர் வரைந்த வரைபடம் 1705-இல் அச்சாகி ஐரோப்பாவெங்கும் பரவியது.

1711 மார்ச்சில், சவேரியாருக்காக எழுப்பிய புதிய சிற்றாலயத்தை அர்ச்சிக்க மக்தலேனா சென்றார். பூசை நடுவில் உடல்நலம் குன்றியது. மார்ச் 15-ஆம் நாள் உயிர் நீத்தார், வயது 65. பல்லாயிரம் கால்நடைகளைப் பெருக்கி மக்களுக்குக் கொடுத்தவரின் படுக்கை, இரண்டு கன்றுத் தோல்களும் இரண்டு கம்பளிகளும்தான்.

காலப்போக்கில் கல்லறை இருந்த இடமே மறந்துபோயிற்று. 1966-இல் அறிஞர் குழுவொன்று தோண்டித் தேடி அவர் எலும்புகளைக் கண்டுபிடித்தது. ஊரும் இன்று மக்தலேனா தெ கீனோ என்றே அழைக்கப்படுகிறது. 2020 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்திற்குரியவராக ஏற்றுக்கொண்டார். அவர் இறந்த இரவில் தலைக்கு வைத்திருந்தது பொதிமிருகத்தின் சேணம் என்று, எட்டாண்டுகள் அவரோடு வாழ்ந்த குருவானவர் வெலார்தே எழுதி வைத்திருக்கிறார்.