படிக்கட்டில் பின்னோக்கி இறங்கிய பெரியவர்: வில்லியம் பேண்டிங்

லண்டன் மாநகரில் 1862-ஆம் ஆண்டு. அறுபத்தைந்து வயதைக் கடந்த ஒரு பெரியவர் தம் வீட்டுப் படிக்கட்டில் முதுகைக் காட்டியபடி, ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி இறங்குவது வழக்கம். முன்னோக்கி இறங்கினால் உடலின் பாரம் முழுவதும் முழங்காலிலும் கணுக்காலிலும் விழுந்து வலி தாங்காது. காலணிக் கயிற்றைக்கூட அவரால் குனிந்து கட்ட முடியவில்லை. அவர் பெயர் வில்லியம் பேண்டிங். சிலாங்கூரில் நாம் அறிந்த பந்திங் நகருக்கும் இவருக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் இன்று உலகம் முழுவதும் 'டயட்' என்று பேசப்படும் பழக்கத்திற்கு இவருடன் நெருங்கிய தொடர்பு உண்டு.

பேண்டிங் 1796-ஆம் ஆண்டின் இறுதியில் பிறந்தவர். இவர் குடும்பம் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் வீதியில் இறுதிச் சடங்கு ஏற்பாட்டுத் தொழில் நடத்தி வந்தது. சாதாரணக் கடை என்று நினைத்துவிட வேண்டாம். பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் இறுதி ஊர்வலங்களை ஏற்று நடத்திய நிறுவனம் அது. 1820-ல் மன்னர் மூன்றாம் ஜார்ஜ், 1852-ல் வெல்லிங்டன் பிரபு, 1861-ல் விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் ஆகியோரின் இறுதிச் சடங்கு ஏற்பாடுகள் இந்தக் குடும்பத்தின் கைகளிலேயே நடந்தன. பணத்திற்கும் மதிப்புக்கும் குறைவில்லாத வாழ்க்கை.

குறை உடலில் வந்தது. தாய் வழியிலும் தந்தை வழியிலும் யாருக்கும் இல்லாத பருமன், முப்பது வயதைத் தாண்டியதும் இவரை மட்டும் மெல்லப் பற்றிக்கொண்டது. இளம் வயதிலிருந்தே அவர் அஞ்சி வந்ததும் அதற்குத்தான். உடனே பெயர் பெற்ற ஒரு மருத்துவரிடம் போனார். வேலைக்குப் போகுமுன் உடலை வருத்தி உழைக்கச் சொன்னார் அந்த மருத்துவர். பேண்டிங் கனமான ஒரு படகில் தினமும் அதிகாலையில் இரண்டு மணி நேரம் ஆற்றில் துடுப்புப் போட்டார். தசை வலுவானது. அதோடு பசியும் பன்மடங்கு பெருகியது. பசித்ததால் சாப்பிட்டார், சாப்பிட்டதால் எடை இன்னும் ஏறியது. கடைசியில் படகை விட்டுவிடச் சொல்லிவிட்டார்கள்.

அதன்பின் முப்பது ஆண்டுகள் அவர் பார்க்காத வைத்தியம் இல்லை. குதிரைச் சவாரி செய்தார். கடற்காற்று வாங்கினார். லெமிங்டன், செல்ட்டன்ஹாம், ஹாரோகேட் என்று மருந்து நீரூற்றுகள் உள்ள ஊர்களுக்கெல்லாம் போய் வந்தார். மருந்துகளைக் குடம் குடமாகக் குடித்தார் என்றே சொல்லலாம். துருக்கி முறை நீராவிக் குளியலை ஐம்பது முறை எடுத்தும் குறைந்தது மூன்று கிலோவுக்கும் குறைவு. குறைவாகச் சாப்பிடுங்கள் என்ற ஆலோசனையையும் முயன்றார். உடல் தளர்ந்து கட்டிகள் வந்தனவே தவிர, பருமன் போகவில்லை.

இவ்வளவு பாடுபட்ட மனிதரைத்தான் ஊர் சோம்பேறி என்றும் பெருந்தீனிக்காரர் என்றும் பார்த்தது. கூட்டங்களில் அவருக்கு ஏற்ற இருக்கை இருக்காது. பொது வண்டியில் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். தெருவில் நடந்தால் காதுபடவே கேலி. கேலி செய்பவர்களுக்கு அது ஒரு நிமிட வேடிக்கை. அதைச் சுமந்தவரோ மெல்ல மெல்லப் பொது இடங்களுக்குப் போவதையே தவிர்த்தார். பருத்த உடம்புடையவர் இந்த ஏளனங்களைப் பொருட்படுத்துவதில்லை என்று யாரும் எண்ண வேண்டாம் என்பதைப் பின்னாளில் அவர் எழுத்தில் வெளிப்படையாகவே பதிவு செய்தார்.

1862 ஆகஸ்டு மாதம் காது மந்தமாகிப் போனது. அதற்காக வில்லியம் ஹார்வி என்ற காது மருத்துவரிடம் சென்றார். அதுதான் திருப்புமுனை. ஹார்வி சில ஆண்டுகளுக்கு முன் பாரிஸ் நகரில், கிளாட் பெர்னார்ட் என்ற புகழ்பெற்ற விஞ்ஞானி கல்லீரலும் சர்க்கரையும் பற்றி முன்வைத்த கருத்துகளைக் கேட்டிருந்தார். இனிப்புநீர் நோயாளிகளுக்கு மாவுப்பொருளையும் இனிப்பையும் குறைப்பது பயன் தருகிறது என்றால், பருமனுக்கும் அது பயன் தரலாமே என்று அவர் யோசித்து வைத்திருந்தார். காதுக் கோளாறுக்கும் கொழுப்பே காரணம் என்று கருதிய அவர், பேண்டிங்கின் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தார்.

காலையில் பாலும் சீனியும் தாராளமாகக் கலந்த தேநீர், வெண்ணெய் தடவிய ரொட்டி. மதியம் இறைச்சியுடன் நிறைய ரொட்டி, பீர், மாவுப் பலகாரம். மாலையில் மீண்டும் காலை போலவே. இரவில் பழப் பலகாரம் அல்லது பாலும் ரொட்டியும். அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறோம் என்று பேண்டிங் ஒருநாளும் நினைத்ததில்லை. அக்கால ஆங்கிலேயர் வீட்டில் இது சாதாரணச் சாப்பாடு.

ஹார்வி நிறுத்தச் சொன்னவை ரொட்டி, வெண்ணெய், பால், சீனி, பீர், உருளைக்கிழங்கு ஆகிய ஆறு. அனுமதித்தவை இறைச்சி, மீன், உருளைக்கிழங்கு தவிர்த்த காய்கறிகள், கொஞ்சம் பழம், பாலும் சீனியும் இல்லாத தேநீர், வறுத்த ரொட்டியில் சிறு துண்டு. கூடவே சில கோப்பை திராட்சை மதுவும் பட்டியலில் இருந்தது. அது அந்தக் காலத்து வழக்கம். இன்றைய மருத்துவர் யாரும் அதை எடை குறைக்கும் மருந்தாக எழுதித் தரமாட்டார்.

தொடங்கியபோது ஐந்தடி ஐந்து அங்குல உயரமுள்ள பேண்டிங்கின் எடை 202 பவுண்டு, அதாவது சுமார் 92 கிலோ. வாரத்துக்கு அரைக் கிலோவுக்கும் குறைவாகவே எடை இறங்கியது. ஆனால் இறங்கிக்கொண்டே இருந்தது. 1863 செப்டம்பரில் தராசு காட்டியது 156 பவுண்டு, சுமார் 71 கிலோ. ஓராண்டில் 21 கிலோ குறைந்து, இடுப்புச் சுற்றளவும் 12 அங்குலத்துக்கு மேல் சுருங்கியிருந்தது. முழங்கால் கட்டுகள் தேவைப்படவில்லை. காது கேட்டது. எல்லாரையும் போலப் படிக்கட்டில் முன்னோக்கி இறங்கினார்.

இதோடு நிறுத்தியிருந்தால் இவரை யாரும் நினைவில் வைத்திருக்கப் போவதில்லை. தம்மைப் போல் வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் மற்றவர்களை அவர் எண்ணிப் பார்த்தார். 1863-ல் உடற்பருமன் குறித்துப் பொதுமக்களுக்கு எழுதிய கடிதமாக ஒரு சிறு நூலைச் சொந்தச் செலவில் அச்சிட்டார். தாம் பட்ட அவமானம், தோற்றுப்போன வைத்தியங்கள், சாப்பிட்ட உணவின் அளவு, குறைந்த எடை என எதையும் மறைக்காமல் எழுதினார். முதல் பதிப்புகளை இலவசமாகவே வழங்கினார். கேட்பவர்கள் பெருகியதால் பின்னர் விலைக்கு விற்க வேண்டியதாயிற்று. அதில் வந்த இலாபத்தைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் மருத்துவமனை உள்ளிட்ட அறப்பணிகளுக்குக் கொடுத்துவிட்டார். நூல் ஆயிரக்கணக்கில் பரவியது. நன்றிக் கடிதங்கள் குவிந்தன.

எதிர்ப்பும் வந்தது. மருத்துவம் படிக்காத ஒருவர் மருத்துவம் பேசுவதா என்று மருத்துவ இதழ்கள் சாடின. இதில் புதிதாக ஒன்றுமில்லை என்றனர் சிலர். இவ்வளவு இறைச்சி சிறுநீரகத்துக்கு ஆகாது என்று எச்சரித்தனர் வேறு சிலர். நகைச்சுவை இதழ்களோ அவர் பெயரை வைத்துக் கேலிச்சித்திரம் போட்டன. பருமனாக இருந்தபோது கேலிக்கு ஆளானவர், மெலிந்த பிறகும் கேலிக்கு ஆளானார். ஆனால் இந்த முறை அவர் ஒதுங்கிப் போகவில்லை. தாம் மருத்துவர் அல்லர் என்பதை ஒப்புக்கொண்டு, புகழ் முழுவதும் ஹார்விக்கே உரியது என்று எழுதினார். 1869-ல் நான்காம் பதிப்பையும் கொண்டு வந்தார்.

1878 மார்ச் 16-ஆம் நாள், தமது 81-ஆவது வயதில் பேண்டிங் காலமானார். லண்டன் புரோம்ப்டன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அரசர்களுக்குச் சவப்பெட்டி செய்த குடும்பத்தின் பெயர் அந்தத் தொழிலால் நிலைக்கவில்லை. உணவைக் கட்டுப்படுத்துவதை ஆங்கிலேயர்கள் 'பேண்ட்' செய்வது என்றே சொல்லத் தொடங்கினார்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல் மங்கிவிட்டாலும், சுவீடன் நாட்டு மொழியில் எடை குறைக்கச் சாப்பாட்டைக் கட்டுப்படுத்துவதற்கு இன்றும் 'பான்டா' என்பதுதான் சொல். இன்சுலினைக் கண்டறிந்த குழுவைச் சேர்ந்தவரும் நோபல் பரிசு பெற்றவருமான கனடா நாட்டு பிரெட்ரிக் பேண்டிங், இவருக்குத் தூரத்து உறவு என்று சொல்லப்படுகிறது.

பேண்டிங்கின் உணவுப் பட்டியலை அப்படியே இன்று யாரும் பின்பற்ற வேண்டியதில்லை. குறிப்பாக இனிப்புநீருக்கு மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டைத் திடீரென மாற்றினால், சர்க்கரை அளவு ஆபத்தான நிலைக்கு இறங்கிவிடக்கூடும். ஒருவருக்குப் பயன் தந்தது எல்லாருக்கும் பயன் தரும் என்பதும் இல்லை.

கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் நெடுநாள் கழித்துப் பார்க்கும் உறவினரிடம், என்ன இப்படிப் பெருத்துப்போனாய் என்று கேட்பது நம்மவர்களிடம் நலம் விசாரிப்பதைப் போலவே ஆகிவிட்டது. அந்தக் கேள்விக்கு அஞ்சியே அடுத்த விசேஷத்துக்கு வராமல் நின்றுவிடுபவர்கள் உண்டு. முப்பது ஆண்டுகள் லண்டன் நகரமே செய்த கேலி பேண்டிங்கின் உடம்பில் ஒரு பவுண்டைக்கூடக் குறைக்கவில்லை. அவர் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, என்ன சாப்பிடுகிறார் என்று விசாரித்த ஒரே ஒரு மருத்துவர்தான் குறைத்தார்.