வாடிய பயிருக்கும் வருந்திய வள்ளலார்



உங்கள் வீட்டு வாசலிலோ மொட்டை மாடியிலோ ஒரு தொட்டிச் செடி இருக்கிறதா? இரண்டு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தால் அது என்ன ஆகும்? இலைகள் தொங்கிவிடும். தலை சாய்ந்துவிடும். ஆனால், தாகமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல அதனால் முடியாது. நாம்தான் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

அப்படி வாடி நிற்கும் பயிரைப் பார்த்தாலே மனம் கலங்கிப்போகும் ஒருவர் நம் கடலூர் மாவட்டத்தில் வாழ்ந்தார். யார் என்று கண்டுபிடித்துவிட்டீர்களா? ஆம், வள்ளலார்தான்! அவருடைய இயற்பெயர் இராமலிங்கம்.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை இராமையா பிள்ளை, தாய் சின்னம்மையார். தந்தை ஊர்க் கணக்கராக இருந்தார். பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்தார். வீட்டில் இராமலிங்கம் ஐந்தாவது குழந்தை. கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை காலமாகிவிட்டார். ஐந்து குழந்தைகளுடன் தாய் தம் பிறந்த ஊருக்குப் போனார். பிறகு குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்தது.

மூத்த அண்ணன் சபாபதி சென்னையில் புராணச் சொற்பொழிவுகள் செய்துவந்தார். அந்த வருமானத்தில்தான் குடும்பம் நடந்தது. தம்பி நன்றாகப் படித்து முன்னுக்கு வரவேண்டும் என்பது அவருடைய ஆசை. தம்பியோ பாடசாலையில் இருந்ததைவிடக் கந்தகோட்டம் முருகன் கோயிலில் இருந்த நேரமே அதிகம். அங்கே உட்கார்ந்து தாமாகவே பாடல்கள் புனைந்து பாடுவார்.

அண்ணனுக்குக் கோபம் வந்தது. இனி அவனுக்கு வீட்டில் சோறு போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். ஆனால், அண்ணியாருக்கு மனம் கேட்கவில்லை. அண்ணன் இல்லாத நேரத்தில் சிறுவனைக் கூப்பிட்டு ரகசியமாகச் சோறு போட்டார். ஒருநாள் வீட்டில் விசேஷம். உறவினர்கள் எல்லாரும் வந்து விருந்து சாப்பிட்டுப் போனார்கள். அந்த வீட்டுப் பிள்ளை மட்டும் யாருக்கும் தெரியாமல் வந்து சாப்பிட்டது. அதைப் பார்த்த அண்ணியார் கண்ணீர் விட்டு அழுதார். அந்தக் கண்ணீரைக் கண்ட பிறகு, வீட்டிலேயே இருந்து படிக்க இராமலிங்கம் சம்மதித்தார். அவருடைய வரலாற்றைச் சொல்லும் பெரியவர்கள் இந்த நிகழ்ச்சியைத் தவறாமல் சொல்வார்கள்.

குழந்தைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பசி என்றால் என்ன, பசித்த வேளையில் ஒருவர் கூப்பிட்டுச் சோறு போட்டால் எப்படி இருக்கும் என்பதை அவர் சிறு வயதிலேயே அறிந்துகொண்டார்.

வளர்ந்து பெரியவரான பிறகு, 1858-ஆம் ஆண்டு அவர் சென்னையை விட்டுப் புறப்பட்டார். சிதம்பரம் வந்து நடராசரை வணங்கினார். பிறகு வடலூருக்குப் பக்கத்தில் உள்ள கருங்குழி என்ற கிராமத்தில், வேங்கட ரெட்டியார் என்பவர் வீட்டில் சுமார் 9 ஆண்டுகள் தங்கினார். எங்கே இருந்தாலும் தம் பெயரைச் சிதம்பரம் இராமலிங்கம் என்று எழுதுவதுதான் அவருக்கு வழக்கம். பிறந்த மண்ணின் மேல் அவ்வளவு பற்று!

அந்த வட்டாரம் வானம் பார்த்த பூமி. மழை தவறினால் பயிர் வாடும். பயிர் வாடினால் குடிசையில் அடுப்பு எரியாது. வள்ளலார் இதைத் தினமும் கண்ணால் பார்த்தார். பசியால் இளைத்த ஏழையைப் பார்த்தும் வருந்தினார். வாடிய பயிரைப் பார்த்தும் வருந்தினார். இரண்டும் உயிர்தானே! சாதி, மதம் பார்க்காமல் எல்லா உயிர்களிடமும் இரக்கம் காட்டுவதே உண்மையான வழிபாடு என்று ஊர் ஊராக எடுத்துச் சொன்னார். அந்த வழியில் நடக்க விரும்பியவர்களுக்காக 1865-ஆம் ஆண்டு ஒரு சங்கமும் தொடங்கினார்.

சொன்னதோடு நிற்கவில்லை. வடலூர் மக்களிடம் நிலம் கேட்டார். அவர்கள் மனமுவந்து 80 காணி நிலம் கொடுத்தார்கள். இன்றைய கணக்கில் 100 ஏக்கருக்கும் மேல்! அங்கே 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் சத்திய தருமச்சாலை தொடங்கியது. பசி என்று யார் வந்தாலும், நீ எந்த ஊர், என்ன சாதி என்று கேட்காமல் சோறு போடும் இடம் அது. அன்று மூட்டிய அடுப்பு 150 ஆண்டுகளைத் தாண்டி இன்றும் அணையாமல் எரிகிறது. கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில்தான் வடலூர் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் இறங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வள்ளலாருக்கு மருத்துவமும் தெரியும். மூலிகைகளின் குணங்களை நீண்ட பட்டியலாகவே எழுதிவைத்தார். விலை உயர்ந்த மருந்தை ஏழை எப்படி வாங்குவான்? அதனால் வேலியிலும் வரப்பிலும் தானாக முளைத்துக் கிடக்கும் செடிகளின் அருமையை எடுத்துச் சொன்னார். கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, வல்லாரை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

இந்த நான்கையும் உங்கள் வீட்டிலேயே வளர்க்கலாம், தெரியுமா? தோட்டம் வேண்டும் என்பதில்லை. உடைந்த வாளி, பழைய எண்ணெய் டின் போதும். அடியில் இரண்டு மூன்று ஓட்டைகள் போட்டு, அவற்றின் மேல் ஓட்டாஞ்சில்லு ஒன்றை வையுங்கள். தண்ணீர் வடியும், மண் வெளியே போகாது. செம்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள்.

வல்லாரைக்கு ஈரமும் கொஞ்சம் நிழலும் பிடிக்கும். தரையோடு ஓடும் அதன் கொடியில் கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கும். வேரோடு ஒரு கணுவைக் கிள்ளி நட்டால் போதும். கரிசலாங்கண்ணி வாய்க்கால் ஓரத்துச் செடி. மண் காயாமல் பார்த்துக்கொண்டால் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். அதன் இலையைக் கசக்கினால் கை கறுப்பாகிவிடும்! தூதுவளை ஊதாப் பூப் பூக்கும் முள் கொடி. தண்டை வெட்டி வைத்தாலே துளிர்க்கும். நல்ல வெயிலும், படர ஒரு குச்சியும் வேண்டும். இலை பறிக்கும்போது முள் குத்தும், கவனம்! முசுமுசுக்கையை விதை போட்டு வளர்க்கலாம். தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். அதையும் ஜன்னல் கம்பியிலோ வேலியிலோ ஏற்றிவிடுங்கள்.

தண்ணீர் ஊற்றுவதற்கு முன் விரலால் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் அன்று வேண்டாம். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். அரிசி கழுவிய தண்ணீரையும் ஊற்றலாம். தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், கொசு வந்துவிடும். இன்னொன்று: செடியை நன்றாகத் தெரிந்த பெரியவரிடம் காட்டி உறுதி செய்துகொண்ட பிறகே சமையலுக்குப் பயன்படுத்த வேண்டும். மருந்தாகச் சாப்பிடுவது மருத்துவரைக் கேட்ட பிறகுதான்.

செடியும் உயிர் என்றால் அதன் இலையைப் பறிக்கலாமா என்று உங்களில் ஒரு கெட்டிக்காரக் குழந்தை கேட்கலாம். வள்ளலாரே இதை யோசித்திருக்கிறார். நம் நகத்தையும் முடியையும் வெட்டினால் உயிர் போவதில்லை. காய், கனி, இலை பறிப்பதும் அப்படித்தான் என்று அவர் விளக்கினார். ஆகவே, வேண்டிய இலையை மட்டும் கிள்ளுங்கள். வேரோடு பிடுங்காதீர்கள். செடி மறுபடியும் துளிர்க்கும்.

நான் ஆசிரியராக இருந்தபோது, என் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு டப்பாவில் வல்லாரை வளர்த்தார்கள். கோடை விடுமுறை வந்தது. டப்பாக்களை வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்று சொல்ல நான் மறந்துவிட்டேன். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது அத்தனையும் சருகாகிக் கிடந்தன. ஒரு சிறுமி மட்டும் தன் டப்பாவுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றி வந்தாள். அவள் பச்சைக் கொடியைத் தூக்கிக் காட்டினாள். அதிலிருந்து கணுக்களைக் கிள்ளித்தான் எல்லாருக்கும் மறுபடி நட்டோம். அன்று பாடம் கற்றது நான்தான்!

வள்ளலார் தம் கடைசி ஆண்டுகளில் வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில் தங்கினார். 1872-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள் வடலூரில் அவர் கட்டிய சத்திய ஞான சபையில் வழிபாடு தொடங்கியது. தைப்பூசத்தன்று அங்கே ஏழு திரைகளை நீக்கிக் காட்டும் ஜோதியைத் தரிசிக்க லட்சக்கணக்கான மக்கள் கூடுகிறார்கள். 1874-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் அவர் சென்றார். கதவு மூடப்பட்டது. அதன்பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. அவர் ஒளியோடு கலந்துவிட்டார் என்று அன்பர்கள் நம்புகிறார்கள். அப்போது அவருக்கு வயது 50.

அவர் தமக்கென்று சொத்து எதுவும் சேர்க்கவில்லை. ஆனால், அவர் மூட்டிய அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது. ஏன் தெரியுமா? ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் மறக்காமல் அதில் விறகு வைக்கிறார். செடியும் அப்படித்தான் குழந்தைகளே! ஒருநாள் ஆசையாக நட்டால் போதாது. தினமும் ஒருமுறை அதன் பக்கத்தில் போய் நின்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, சாப்பிடாமல் பள்ளிக்கு வந்திருக்கும் பக்கத்து இருக்கைத் தோழனின் வாடிய முகமும் தெரியும்.

இன்றைக்கே ஒரு வல்லாரைக் கணுவைத் தேடி நடுங்கள். இலை விட்டதும், இன்னொரு கணுவைக் கிள்ளி உங்கள் நண்பருக்கும் கொடுங்கள்!